‘விண்டோ’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கண்

கேள்வி:
ஆங்கிலத்தில் சன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’ என்ற சொல்லின் முற்பகுதி, காற்று என்று பொருள்படும் ‘விண்ட்’ தானா, அல்லது ஒலி மட்டும் ஒத்திருக்கிறதா? காற்று என்றே வைத்துக்கொண்டாலும், ஈற்றில் நிற்கும் ‘ஓ’ எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. நம்முடைய ‘காலதர்’ என்ற சொல்லும் கால் (காற்று), அதர் (வழி) என்று பிரிவதால், ஆங்கிலச் சொல்லுக்கு அதுவே மூலம் என்கிறார் நண்பர் ஒருவர். அதை ஏற்கலாமா?

மறுமொழி 1:
முற்பகுதி காற்றேதான், ஈற்றில் தேய்ந்து கிடப்பது கண். பழைய நார்ஸ் மொழியில் இச்சொல் ‘விண்டவுகா’. அதில் ‘விண்ட்ர்’ என்பது காற்று, ‘அவுகா’ என்பது கண். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த இச்சொல், 13ஆம் நூற்றாண்டில் ‘விண்டோகெ’ போன்ற வடிவங்களில் எழுதப்பட்டது. இடையில் நின்ற ககரம் பின்னர் வகரமாக நெகிழ்ந்து மறைந்தது. வில்லைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லான ‘பொகா’ இன்று ‘போ’ என்று ஒலிப்பதும் இதே மாற்றத்தால்தான்.

அதற்கு முன் ஆங்கிலேயர் வழங்கிய சொல் எனக்கு இன்னும் பிடித்தமானது: ‘ஏயக்துரெல்’, அதாவது கண்துளை. அது வழக்கொழிந்துவிட்டாலும், துளையைக் குறித்த ‘துரெல்’ மட்டும் மூக்குத்துளைக்கான ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் ஈற்றில் இன்றும் உயிரோடிருக்கிறது.

மறுமொழி 2:
நண்பரின் கருத்தை ஏற்க இயலாது. ஒரு சொல் கடன் வாங்கப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால், அது எந்த மக்கள் வழியாக, எந்தெந்த ஒலிமாற்றங்களோடு போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்ட வேண்டும். பொருள் ஒத்திருப்பது மட்டும் போதாது. ‘விண்டவுகா’வின் இரு பகுதிகளுக்கும் உறவுச்சொற்கள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன: காற்றுக்கு இலத்தீனில் ‘வெண்டுஸ்’, வடமொழியில் ‘வாத’, கண்ணுக்கு ‘ஒகுலுஸ்’, ‘அக்ஷி’.

ஆனால் ஒப்புமை மெய்யாகவே வியப்புக்குரியது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்று வருகிறது. மானின் கண் வடிவில் அமைந்த காற்றுவழி. வடமொழியின் ‘கவாட்சம்’ பசுவின் கண். தொடர்பற்ற மொழிகளும் சுவரில் விட்ட துளையைக் கண்ணாகவே பார்த்திருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் நாம் நாள்தோறும் சொல்லும் ‘சன்னல்’ என்பதிலும் கண் உண்டா?

மறுமொழி 2:
இல்லை, அதில் இருப்பது கதவு. போர்த்துக்கீசிய ‘ஜனேலா’விலிருந்து நமக்கு வந்த சொல் அது, கதவைக் குறித்த இலத்தீன் ‘யானுவா’வின் சிறுமை வடிவத்திலிருந்து பிறந்தது.