நீண்ட ஒட்டு நகத்தோடு நண்டுக்கறி சாப்பிடுவது எப்படி?

கேள்வி: திருமலைக் கடற்காகம்

அண்ணாவின் கலியாணத்துக்காக அக்ரிலிக் நகம் வைத்தேன். விரல் நுனியைத் தாண்டி ஒன்றரை சென்ரிமீற்றர், இளஞ்சிவப்பு, மோதிர விரலில் மட்டும் கல். வடிவுதான், மறுக்கவில்லை. கலியாணம் முடிந்தும் கழற்ற மனம் வரவில்லை. ஆனால் வேலைக்கும் போய், வீட்டு வேலையும் பார்க்கிற ஒருத்தி இதோடு எப்படிக் காலம் தள்ளுவது?

மத்திய வீதிப் பக்கம் ஒரு கொமினிகேஷனில் (போட்டோக்கொப்பி, ரீலோட் போடுகிற கடை) வேலை. காலையில் கைரேகை மெஷினில் பெருவிரலை வைத்தால் நகம் விளிம்பில் முட்டி நிற்கும், ரேகை பதியாது. பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். மேசையில் கிடக்கும் பத்து ரூபாய்க் குற்றியை ஓரம் வரை இழுத்துக்கொண்டு போய் மற்றக் கையில் விழுத்தித்தான் எடுக்கிறேன். போட்டோக்கொப்பித் தாள் இரண்டு ஒட்டிக்கொண்டால் பிரிக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். ரீலோட் போடும்போது இலக்கம் மாறி விழுகிறது. அட்டை சுரண்டுவதில் மட்டும் என்னை யாரும் வெல்ல முடியாது.

வீட்டில் இன்னும் மோசம். அம்மா புட்டு மாவில் கை வைக்க விடுவதில்லை (இது லாபக் கணக்கு). இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு எழும்பினால் இன்னொரு வாய்க்குக் காணுமான சாப்பாடு நகத்துக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறியில் பத்து நகமும் மஞ்சள். சவர்க்காரத்துக்குப் போகவில்லை. கரண்டியால் சாப்பிடு என்கிறாள் மச்சாள். நண்டைக் கரண்டியால் சாப்பிடுகிற ஆளை நான் இன்னும் காணவில்லை. தலை முழுகினால் நகத்தின் ஓரத்தில் முடி மாட்டி இழுக்கிறது. கழிவறைக் கஷ்டத்தை விரித்து எழுதவில்லை, வைத்தவர்களுக்கு விளங்கும்.

பழகப் பழகச் சரிவருமா?

பதில்: உப்புவெளி நகக்காரி

தங்கச்சி, நான் வீட்டிலேயே நகம் வைத்துக் கொடுக்கிறவள். பாதி பழகும், மீதிப் பாதிக்கு நீளம்தான் காரணம்.

போன் திரையை நகத்தால் தட்ட வேண்டாம். நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான் திரை தொடுகையை உணர்கிறது, நகம் கடத்தாது. விரலைப் படுக்க வைத்துச் சதையால் தொடுங்கள். மஞ்சள் கறை அநேகமாக மேல்பூச்சில்தான் ஏறியிருக்கும். வைத்தவரிடம் போனால் மேலாகத் தேய்த்துப் புதிதாகப் பூசிவிடுவார். சாப்பாடு தங்குவதற்கு, குசினிக் குழாயடியில் மெத்தென்ற பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்துச் சவர்க்காரத்தோடு நகத்தின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

கைரேகை, குற்றி, கழிவறை மூன்றுக்கும் குட்டையாக்குவதுதான் வழி. நகவெட்டியால் வெட்டாதீர்கள், அக்ரிலிக் வெடிக்கும். அரத்தால் தேய்த்துக் குறையுங்கள். நீண்ட நகம் நெம்புகோல் மாதிரி. நுனியில் அடிபட்டால் அடியில் கிளம்பும், கூடவே சொந்த நகமும் கிழியும்.

முடி மாட்டுகிறது என்றால் இப்போதே ஓரம் எங்கோ கிளம்பியிருக்கிறது. அதைக் கவனியுங்கள். சுப்பர் குளூ போட்டு அமத்தி விடுகிற வேலை வேண்டாம். அந்த இடுக்கில் தண்ணீர் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். பச்சையைக் கண்டால் மேலே நிறம் பூசி மறைக்காமல் கழற்றிவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனால் வாளியால் அள்ளும்போதும் நகம் அடிபடாமல் கவனம்.

கை விரல் நகம் மாதம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். அடியில் இடைவெளி விழும் என்பதால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் நிரப்ப வேண்டும். அந்தச் செலவையும் யோசியுங்கள்.

பதில்: கிண்ணியா ராத்தா

நமக்கு இந்தத் தலையிடி இல்லை. தொழுகைக்கு முன் வுளூ எடுக்கும்போது (கை, முகம், கால் கழுவும்போது) சொந்த நகத்தில் தண்ணீர் பட வேண்டும், அதனால் நிரந்தரமாக ஒட்டுவதில்லை. கலியாண வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் சின்ன வில்லை வைத்த நகம் போடுவேன், வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன். பிரியாணி சாப்பிடும்போது ஒன்று கழன்று விழலாம், அவ்வளவுதான்.

பதில்: வார்ட்டில் ஒருத்தி

நான் தாதி. நோயாளியைத் தொடுகிறவர்கள் ஒட்டு நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கைச்சுகாதார வழிகாட்டியிலேயே இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அடியில் கிருமி தங்கும். உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் முதியவரோ இருந்தால் அவர்களைப் பராமரிக்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

திருமலைக் கடற்காகம்

நகக்காரி அக்கா, அரத்தால் பாதியாக்கிவிட்டேன். கைரேகை முதல் தடவையே பதிந்தது. நீங்கள் சொன்னது சரி, சுண்டு விரலில் ஓரம் கிளம்பித்தான் இருக்கிறது. அதை மட்டும் கழற்ற வேண்டும். கடையில் நகப்பூச்சு அழிக்கும் போத்தல் தந்தார்கள், ஊற வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

உப்புவெளி நகக்காரி

போத்தலில் அசிட்டோன் இல்லாதது என்று எழுதியிருக்கும், பாருங்கள். அது அக்ரிலிக்கைக் கரைக்காது. தூய அசிட்டோன் என்று கேட்டு வாங்குங்கள். மேல்பூச்சை அரத்தால் தேய்த்துவிட்டு, சுற்றியுள்ள தோலில் வஸ்லின் பூசி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள். இருபது நிமிடமாவது விடுங்கள். களியாக வந்ததை மெல்லத் தள்ளுங்கள், வராவிட்டால் இன்னொரு முறை சுற்றுங்கள், பிடுங்க வேண்டாம். குசினியில் வைத்துச் செய்யாதீர்கள், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு எரிகிற அறையிலும் வேண்டாம். யன்னலைத் திறந்துவிட்டு இருங்கள்.