முருங்கையை வெட்டின தெம்பில் எலுமிச்சையையும் வெட்டிவிட்டேன், பட்டை வெடிக்கிறது

கேள்வி (சாண்ட்லர், அரிசோனா)
வணக்கம். பீனிக்ஸ் பக்கம் குடிவந்து இரண்டு வருடம். பனியில் கருகிய முருங்கையை மார்ச்சில் இடுப்பளவுக்கு வெட்டினேன். மே மாதத்துக்குள் என் உயரத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் தெம்பில் பின்பக்க எலுமிச்சையின் அடிக்கிளைகளையும் கழித்து, நடுவையும் திறந்துவிட்டேன். இப்போது ஜூன் கடைசி. தென்மேற்குப் பக்கம் பட்டை வெளுத்து வெடித்து, விரல் வைத்தால் தகடாகக் கழல்கிறது. அடியில் மட்டும் துளிர் சரசரவென்று வருகிறது. பூச்சியா? அடுப்புச் சாம்பல் பூசலாமா?

பதில் (மேசா)
பூச்சி இல்லை தம்பி, வெயில் சுட்டிருக்கிறது. எலுமிச்சைப் பட்டை மெல்லியது, தரையைத் தொடும் தழைதான் அதற்குச் சட்டை. 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் காய்ந்த ஊரில் அதைக் கழற்றிவிட்டீர்கள்.

சாம்பல் வேண்டாம். தண்ணீரில் கரையும் வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டில் சரிபாதி தண்ணீர் கலந்து, வெயில் படும் இடமெல்லாம் பூசுங்கள். எண்ணெய் பெயிண்ட் கூடவே கூடாது. கழலும் பட்டையைப் பிய்க்காதீர்கள். தண்ணீரைத் தண்டருகே விடாமல் கிளைநுனிக்கு நேர்கீழே, வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, இரண்டடி ஆழம் நனையும்படி விடுங்கள். நீளமான கம்பியைக் குத்தினால் ஈரம் இருக்கும் வரை சுலபமாக இறங்கும், அதுதான் கணக்கு.

அப்புறம், அந்தத் துளிர் ஒட்டுக்கு மேலா, கீழா?

கேட்டவர்
அரை அடி உயரத்தில் ஒரு முடிச்சு தெரிகிறது அக்கா, துளிர் அதற்குக் கீழே. இலைக்காம்பில் குட்டி இலை ஒட்டவைத்த மாதிரி அகலமாக இருக்கிறது.

பதில் (மேசா)
அப்படியானால் அது எலுமிச்சையே இல்லை, அடியில் வேருக்காக வைத்த புளிப்பு ஆரஞ்சாக இருக்கும். இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்துவிடுங்கள், விட்டால் மேல்மரத்தை விழுங்கிவிடும். முடிச்சுக்கு மேலே வருவதில் மட்டும் கை வைக்காதீர்கள், நாளைக்கு அதுதான் நிழல்.

கேட்டவர்
சரி அக்கா. முன்வாசல் மெஸ்கீட்டை இந்த வாரம் மொட்டையடிக்க இருந்தேன். அதாவது செய்யலாமா?

பதில் (டூசான்)
ரம்பத்தைக் கீழே வையுங்கள்! மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆனால் கோடையில் மொட்டையடித்தால் வருவதெல்லாம் நீண்டு மெலிந்த கொம்பு, மழைக்காலப் புழுதிக்காற்றில் முறியும். நான் உள்கிளைகளைச் சுத்தமாக வழித்து, நுனியில் மட்டும் குஞ்சம் மாதிரி தழை விட்டு அழகு பார்த்தவன். ஜூலைக் காற்றில் மரம் மதில்மேல் சாய்ந்தது. சொட்டுநீர்க் குழாயைத் தண்டை ஒட்டியே வைத்திருந்ததால் வேரும் விரியவில்லை. இப்போது காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள். மற்ற நேரத்திலும் ஒரு தடவைக்குக் கால் பங்கு தழைக்கு மேல் போகக் கூடாது.

கை அரித்தால் குளிர் முடியும்வரை பொறுத்து டெசர்ட் வில்லோவையோ, நம் நொச்சிக்கு உறவான வைடெக்ஸையோ வெட்டுங்கள். எவ்வளவு வெட்டினாலும் தாங்கும்.

கேட்டவர்
மாலையில் பெயிண்ட் அடித்துவிட்டேன், டப்பாவில் பாதி மீதி. வெட்டின வாயில் தார் பூச வேண்டுமா அண்ணா?

பதில் (டூசான்)
வேண்டாம், அது தானாக மூடிக்கொள்ளும். மீதி பெயிண்டை மேல்கிளைகளின் முதுகில் அடியுங்கள், மதிய வெயில் நேரே இறங்குவது அங்கேதான்.