பறக்கும்போது பம்ப் அடிக்கடி ஓடுதா? லான்கேர் 360 கியர் அனுபவங்கள்

லான்கேர் 360 என்ற சின்ன விமானத்தில், பறக்கும்போது கியரை (மடக்கும் சக்கரத்தை) மேலே பிடித்து வைக்கக் கொக்கி கிடையாது, எண்ணெய் அழுத்தம் மட்டும்தான். அழுத்தம் இறங்கினால் பிரஷர் சுவிட்ச் எண்ணெய் பம்பை ஓட்டும். உயரம் ஏறும்போது குளிரில் எண்ணெய் சுருங்கி ஓரிரு தடவை ஓடுவது சகஜம். மட்டமாகப் பறக்கும்போதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் கசிவு. வெளியே ஈரம் இல்லையென்றால் உள்கசிவு, அதாவது சிலிண்டர் அல்லது வால்வுக்குள்ளேயே எண்ணெய் மறுபக்கம் நழுவுகிறது. அதற்காக உடனே பம்பைக் கழற்ற வேண்டாம், அதைக் கடைசியில் சந்தேகித்தால் போதும்.

விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, கியரைத் தூக்கி, பம்ப் நின்றதும் அதன் மின் பிரேக்கரை இழுத்துவிடுங்கள். ஒரு சக்கரத்தின் சிலிண்டரில் 'இறக்கும்' பக்கக் குழாயை மெல்லத் தளர்த்திக் கழற்றி, குழாய் முனையை மூடுங்கள். தேங்கியிருந்த எண்ணெய் வடிந்த பிறகும் சிலிண்டர் துவாரத்தில் ஊறிக்கொண்டே இருந்தால் அந்த பிஸ்டனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போச்சு. இப்படியே மூன்று சக்கரத்தின் சிலிண்டரையும் பாருங்கள். மூன்றும் காய்ந்திருந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டு, டம்ப் வால்வை (அவசரத்தில் அழுத்தத்தைத் திறந்துவிட்டுக் கியரை இறக்கும் வால்வு) லைனிலிருந்து பிரித்து முனைகளை அடைத்து மறுபடி கியரைத் தூக்குங்கள். அழுத்தம் இறங்காமல் நின்றால் கசிந்தது டம்ப் வால்வு. அப்போதும் இறங்கினால்தான் பம்ப் பக்கத்துச் செக் வால்வு (எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு). கியர் எப்போது வேண்டுமானாலும் விழும், அடியில் கை போகக் கூடாது.

—

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணும் சார். வால்வு மூடி உட்காரும் இடத்தில் சிக்கியிருப்பது பல நேரம் டெஃப்லான் டேப் துணுக்குதான். ஃப்ளேர் ஃபிட்டிங்கில் (குழாய் முனையைக் கூம்பாக விரித்து இணைப்பது) அடைப்பது கூம்பு, மரை இல்லை, அங்கே டேப்புக்கு வேலையே கிடையாது. விமான ஃப்ளேர் 37 டிகிரி. கார் கடையில் கிடைப்பது 45. இரண்டையும் கலந்தால் இறுக்க இறுக்கக் கசியும், கடைசியில் ஃப்ளேர் விரிசல் விடும்.

எண்ணெய் சிவப்பு நிற 5606 விமான ஹைட்ராலிக் ஆயில் மட்டும். கார் பிரேக் ஆயில் கலந்துவிட்டால் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் ஊதிப்போகும். அலசினால் மட்டும் சரியாகாது, ரப்பர் அத்தனையும் மாத்தணும்.

—

பம்ப் நிற்காமல் ஓடினால் பிரஷர் சுவிட்சைத் திட்டுவதற்கு முன் ரிலேயை (மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) பாருங்க. ரிலேயின் காயில் (மின்காந்தச் சுருள்) ஒயரைக் கழற்றியும் மோட்டார் ஓடினால் ரிலே முனை ஒட்டிக்கொண்டது. மோட்டார் முனையிலிருந்தே ஒரு சின்ன விளக்கு போட்டுவிடுங்க, ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

—

நோஸ் கியரை (முன் சக்கரம்) மறந்துடாதீங்க. டம்ப் வால்வைத் திறந்து இறக்கும்போது அது காற்றை எதிர்த்து முன்னால் வரணும், தள்ளுவது கேஸ் ஸ்ட்ரட் (கேஸ் அடைத்த தள்ளு தண்டு). ஹேங்கரில் எதிர்காற்று இல்லை, அதனால் ஜாக்கியில் கியர் கீழே பூட்டிக்கொண்டது என்பதை மட்டும் நம்ப முடியாது. 30 டிகிரி வெயிலில் சோதித்த ஸ்ட்ரட், மைனஸ் 10-ல் சுமார் 13 சதவீதம் அழுத்தம் இழந்திருக்கும். சக்கரத்தில் தராசு மாட்டிப் பின்னால் இழுத்துப் பிடித்துச் சோதியுங்கள். பூட்டத் தயங்கினால் ஸ்ட்ரட்டை மாற்றிவிடுங்கள், அதில் கேஸ் நிரப்பிப் பயனில்லை.