மிதப்பதும் மூழ்குவதும்: பயிற்சி ஆசிரியர்களை எப்படித் தயார் செய்வது?

மணல்கடிகை:
வணக்கம். தொடக்க வகுப்புகளுக்குப் போகவிருக்கும் பயிற்சி ஆசிரியர்கள் 24 பேர். அறிவியல் கற்பித்தலுக்கு வாரம் 2 மணி நேரம் கிடைக்கிறது. பாடக்குறிப்பை அழகாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் 6, 7 வயதுப் பிள்ளைகள் முன் நின்றதும், பொருளைத் தண்ணீரில் போடுவதும் இவர்களே, "பாத்தீங்களா, அடர்த்தி அதிகம்" என்று விளக்குவதும் இவர்களே. எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்?

நீர்க்கோடு:
பாடக்குறிப்பை இரண்டு வாரம் ஒத்திப்போடுங்கள். அந்தச் செயல்பாட்டில் அவர்களே முதலில் தடுமாற வேண்டும்.

4 பேருக்கு ஒரு அகலமான பாத்திரம், 10 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர், ஆளுக்கு 40 கிராம் மாடலிங் களிமண். (சாதாரண மண் வேண்டாம், கரைந்து தண்ணீர் கலங்கிவிடும்.) உருண்டை மூழ்கும். "இதையே மிதக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பலர் முதலில் தட்டையாகத் தட்டிப் போடுவார்கள், அதுவும் மூழ்கும். விளிம்பை உயர்த்திக் கிண்ணமாக்கினால்தான் மிதக்கும். கட்டைவிரல் அழுந்திய இடம் மெலிந்து ஓட்டை விழுந்தால் நீர் கசிந்து கிண்ணம் மூழ்கும், "களிமண் எப்படியும் மூழ்கும்" என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அதனால் சுவர் 3 மி.மீ. கனமாவது இருக்கட்டும்.

காரணம் ஆசிரியருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். உருண்டை விலக்குவது ஏறத்தாழ 25 மில்லி தண்ணீரை. மிதக்கும் பொருள் தன் எடை அளவுக்குத் தண்ணீரை விலக்க வேண்டும்; 1 மில்லி தண்ணீர் 1 கிராம் என்பதால் 40 கிராம் மிதக்க 40 மில்லி விலக வேண்டும். கிண்ணத்தின் குழிவு அதற்கு இடம் தருகிறது. 6 வயதுப் பிள்ளைக்கோ "மண்ணு அதேதான், வடிவம் மாறினதும் மிதக்குது" என்று தானே கண்டுசொல்வது போதும். அடர்த்தி என்ற சொல்லுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது.

கேள்விக்கொடி:
பொருள்களைத் தேர்ந்தெடுக்கவும் பழக்குங்கள். கல், இலை, தக்கை மட்டும் வைத்தால் "கனமானது மூழ்கும்" என்ற தப்பெண்ணம் இறுகிப்போகும். பெரிய மெழுகுவத்தியையும் சின்ன ஆணியையும் பக்கத்தில் வையுங்கள். தண்ணீரில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, எது மூழ்கும் என்று சொல்லிவிட வேண்டும்.

பேச்சுக்குத் தனிப் பயிற்சி தேவை. நுண்ணிலைக் கற்பித்தலாக 7 நிமிடம், சக பயிற்சியாளர் 5 பேர் முன்னால், செல்போனில் பதிவு. பிறகு கேட்டு நொடிகளை எண்ணச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். 3 நொடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே அமைதி வேண்டும், அதுதான் கஷ்டம். "வெரி குட்" தானாக வாயில் வந்துவிடும்.

"ஆணி குட்டியா இருக்கு, அதான் மூழ்குது" என்று ஒரு பிள்ளை சொன்னால் "இல்ல, அது இரும்பு" என்று மறுக்கக் கூடாது. "அப்ப இதவிடக் குட்டியான தக்கைத் துண்டு என்ன ஆகும்?" என்று கேட்டு, துண்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

மணல்கடிகை:
நன்றி. தட்டுத் தண்ணீரில் நிற்கும் எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடி, உள்ளே தண்ணீர் ஏறுவதைக் காட்டப் பலர் ஆசைப்படுகிறார்கள். விடலாமா?

நீர்க்கோடு:
சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நெருப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய சிக்கல் விளக்கத்தில். "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்பது தவறு. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதால்தான் பெருமளவு நீர் ஏறுகிறது. பயிற்சி ஆசிரியர்களை அதே டம்ளரில் ஒரு மெழுகுவத்தி, பிறகு 3 என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டம்ளரில் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் 3 வைத்தால் நீர் கூடுதலாக ஏறும். நீங்கள் மறுக்காமலே அவர்கள் பழைய விளக்கத்தைக் கைவிடுவார்கள்.