பைலிங் ரெண்டரை வாரம் பின்தங்கிருச்சு, மூணாவது ரிக் போட்டா பிடிச்சிரலாமா?

செந்தூல்_பிளானர்:
வணக்கம். கே.எல். (கோலாலம்பூர்) தெற்குப் பக்கம் ஒரு கொண்டோ சைட்ல பிளானரா, அதாவது வேலை அட்டவணை போடுற ஆளா இருக்கேன், ஒன்றரை வருசந்தான் அனுபவம். மொத்தம் 142 போர்ட் பைல் (துளை போட்டு கான்கிரீட் ஊத்துற அஸ்திவாரத் தூண்), 2 ரிக் (துளைக்கிற மெஷின்). ஒரு ரிக்குக்கு நாளைக்கு ஒரு பைல்னு புரோகிராம்ல போட்டேன். 6 வாரம் ஓடியும் 41தான் முடிஞ்சிருக்கு. கீழ சுண்ணாம்புக்கல். ஒரு தூண்ல 12 மீட்டர்லயே பாறை, பக்கத்துத் தூண்ல 30 மீட்டர் போயும் காணோம். பிஎம் (புராஜெக்ட் மேனேஜர்), "மூணாவது ரிக் இறக்கு, திங்கக்கிழமைக்குள்ள ரிகவரி புரோகிராம் (விட்ட நாளைப் பிடிக்கிற அட்டவணை) குடு"ங்கிறார். பிரிமவேரா சாஃப்ட்வேர் அட்டவணையில மூணுன்னு தட்டினா தேதி அழகா வந்துருது. எனக்குத்தான் மனசு ஒப்பல.

லோரிக்காரன்:
ரிக்கை இறக்கிரலாம், கான்கிரீட் வருமா? காலையும் சாயங்காலமும் பெரிய லோரிக்குத் தடை நேரம், நடுவுல மழை. எங்க சைட்ல மூணாவது ரிக் பாதி நாள் சும்மா நின்னுச்சு. வாடகை மட்டும் நிக்கல.

பழைய_சைட்_மாமா:
முதல்ல இதைச் சொல்லும்மா. அந்த 41-ல எத்தனை ஒரே நாள்ல முடிஞ்சுச்சு, எத்தனை நாலஞ்சு நாள் இழுத்துச்சு? சராசரியைப் பாக்காத, அது ஏமாத்தும். நான் கடைசியா நின்ன சைட்ல பத்துக்கு ஏழு பைல் சமத்தா இறங்குச்சு. மிச்ச மூணுதான் வாரத்தையே முழுங்குச்சு. துளைக்கும்போது குகை மாட்டினா நிரப்பணும், இறுகுற வரைக்கும் காத்திருக்கணும், மறுபடி அதே இடத்துல துளைக்கணும். அந்த நேரத்துல ரெண்டு ரிக் நிக்கிற இடத்துல மூணு நிக்கும், அவ்வளவுதான்.

பிஎம்கிட்ட ரிக் கேக்காத, புரோபிங் மெஷின் கேளு. மிச்சம் 101 புள்ளியிலயும் ரிக் வர்றதுக்கு முன்னாடி சின்னத் துளை போட்டுப் பாத்துரு. பைல் பிளானைப் பெரிய தாள்ல அடிச்சு சுவத்துல ஒட்டு. பாறை சரியா கிடைச்சா பச்சை, சரிவுப் பாறைன்னா மஞ்சள், குகைன்னா சிவப்பு. நான் கலர் பென்சில்லதான் செஞ்சேன், சிரிச்சாங்க. சிவப்புல முன்கூட்டியே கிரவுட் பண்ண (சிமெண்டுக் கலவை இறக்கி நிரப்ப) ஆள் போகட்டும், ரிக் பச்சையில ஓடட்டும். பச்சை ஒரே பக்கமா சேந்திருந்தா அங்க பைல் கேப் (பைல் தலைமேல போடுற கான்கிரீட் கட்டை) வேலையையும் தொடங்கிரு. கம்பி கட்டுற ஆளுங்க சும்மா உக்காந்திருந்தா அதுவும் உன் தலையிலதான்.

நம்ம ஊரு மண்ணு யாரையும் விடல. இரட்டைக் கோபுரத்தையே முதல்ல நினைச்ச இடத்துலருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டினாங்க, கீழ இதே சுண்ணாம்புப் பாறைப் பிரச்சினை. அவங்களுக்குத் தள்ள இடம் இருந்துச்சு. உனக்கு அடுத்த லாட் இன்னொருத்தன் வீடு.

செந்தூல்_பிளானர்:
எண்ணிப் பாத்தேன் மாமா. 41-ல 9 பைல் மட்டும் 4 நாளுக்கு மேல. ஒன்பதும் வடகிழக்கு மூலையில! இன்னொண்ணு: போன வாரம் மூணு மதியம் மழையில போச்சு. அதையும் இஓடியில (கூடுதல் நாள் கேக்குற கிளெய்ம்) போடலாமா? கண்டிராக்ட் பாம் (PAM, மலேசியக் கட்டடக்கலைஞர் சங்கம்) 2018 ஃபார்ம்.

க்யூஎஸ்_அக்கா:
மழையை நம்பாதீங்க. பாம் ஃபார்ம்ல வழக்கத்துக்கு மீறின மோசமான வானிலைக்குத்தான் இஓடி. அக்டோபர், நவம்பர் மதியத்துல கே.எல்.ல மழை பெய்யறது வழக்கம்தான், கன்சல்டன்ட் வானிலை இலாகா கணக்கை எடுத்து நீட்டிருவார். குகை வேலைக்கு ஆர்க்கிடெக்ட்கிட்டருந்து எழுத்துல இன்ஸ்ட்ரக்ஷன் வந்துச்சா? வந்திருந்தா அந்தத் தேதிதான் முக்கியம். கண்டிராக்ட்ல கிளாஸ் (பிரிவு) 23-ஐப் படிங்க: 28 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் போகணும். போகலன்னா அப்புறம் பச்சை சிவப்பு எதுவும் பேசாது, எல்ஏடிதான் (தாமதத்துக்குக் கட்டுற நஷ்டஈடு) பேசும். எங்க ஆபீஸ்ல ஒரு தடவை ரெண்டே நாள் தாமதம், மொத்த கிளெய்மும் போச்சு.

செந்தூல்_பிளானர்:
முதல் இன்ஸ்ட்ரக்ஷன் வந்து இன்னையோட 24 நாள்! எல்லாரும் வாய்ப்பேச்சுலயே ஓட்டியிருக்கோம். இப்பவே லெட்டர் அடிக்கிறேன். ரிக் பேச்சைத் திங்கக்கிழமை பாத்துக்கிறேன்.

பழைய_சைட்_மாமா:
அடி. இமெயிலோட விட்டுறாத, கையில கொண்டுபோய் குடுத்து, நகல்ல தேதியோட சாப் (முத்திரை) குத்தி வாங்கு.