உதவி தேவை: 1950 பிளிமத் கார் டேஷ்போர்டு கடிகாரம் ஓடவில்லை

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் ஐயா ஓட்டிய வண்டி, பல வருடமாக வீட்டுக் கொட்டகையில் நின்றது. போன மாதம் என்ஜின் கிளம்பிவிட்டது. கடிகாரம் மட்டும் அசையவில்லை. முன்பெல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் உள்ளே 'டக்' என்று கேட்கும். அதற்காகவே சின்ன வயதில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். மெக்கானிக் செல்லில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

பதில் (தேவகோட்டை):
மாற்ற விடாதீர்கள் அண்ணே. அந்த 'டக்'தான் கடிகாரம் தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும் சத்தம். ஸ்பிரிங் தளர்ந்ததும் கரண்ட் போகும் இரண்டு உலோக முனைகள், அதாவது பாயிண்ட், தொட்டுக்கொள்ளும். கம்பிச்சுருளில், அதாவது காயிலில், கரண்ட் பாய்ந்து காந்தம் ஸ்பிரிங்கை முறுக்கி, பாயிண்டையும் பிரித்துவிடும். பேட்டரி இறங்கியிருந்தால் முறுக்கப் பலம் இருக்காது. பாயிண்ட் ஒட்டியபடியே நின்று காயில் வெந்துபோகும். உங்கள் வண்டி 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டி பாடியில் சேரும்). யாராவது 12 வோல்ட் பேட்டரி மாட்டினார்களா?

கேட்டவர்:
இல்லை, 6 வோல்ட்தான். கழற்றி மீட்டர் வைத்தேன், காயில் அறுந்துபோகவில்லை. பாயிண்ட் இரண்டும் கறுத்திருக்கின்றன. ஒன்றில் குழி, மற்றதில் கடுகில் பாதி அளவு மேடு.

பதில் (தேவகோட்டை):
அப்படியென்றால் பிழைத்தது. 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் மேட்டை மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் வெள்ளைத் தாள் துண்டைப் பெட்ரோலில் நனைத்து, பாயிண்ட் நடுவே விட்டுக் கறை வராத வரை இழுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். பாயிண்டில் எண்ணெய் பட்டால் மறுபடி கருகும். சக்கர முனைகளுக்கு மட்டும் ஊசி நுனியளவு வாட்ச் ஆயில். வண்டியில் மாட்டுமுன் 4 டார்ச் செல்லை வரிசையாகச் சேர்த்து மேசையில் ஓட்டிப் பாருங்கள். இந்தக் காயிலுக்கு பிளஸ், மைனஸ் எப்படிக் கொடுத்தாலும் சரி.

பதில் (காரைக்குடி):
நான் ஒரு பழைய மோரிஸில் குவார்ட்ஸ் போட்டவன். பழைய முள்ளின் துளை புது மெஷினில் பொருந்தவில்லை. முன்னால் உள்ள திருகு வேலை செய்யாது, நேரம் வைக்க ஒவ்வொரு தரமும் கழற்ற வேண்டும். சித்திரை வெயிலில் செல் ஒழுகி டயல் பின்பக்கம் பச்சை பூத்துவிட்டது. கண்ணாடி, முள் ஏதாவது வேண்டுமென்றால் இங்கே முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்:
நாலாவது செல்லை வைத்ததும் 'டக்'! ராத்திரி முழுக்க மேசையில் ஓடியது. ஒரு நாளைக்கு 6 நிமிடம் என்ற கணக்கில் பிந்துகிறது.

பதில் (தேவகோட்டை):
முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் பக்கத்து லீவரை 'எஃப்' (ஃபாஸ்ட், வேகம்) பக்கம் மயிரிழை தள்ளுங்கள், ஒரு நாள் பொறுத்துப் பார்த்து மறுபடி. வண்டி நிற்கும் நாட்களில் கடிகார வயரைக் கழற்றிவிடுங்கள்.