கேப் எருமை வேட்டைக்கு .375 போதுமா?

வரும் ஜூலையில் ஜிம்பாப்வேயின் சாம்பேசிப் பள்ளத்தாக்கில், உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டைக்குச் செல்லவிருக்கும் நான், எந்தக் காலிபரில் (குண்டின் விட்ட அளவில்) ரைஃபிள் வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

என்னிடம் உள்ளது .30-06 மட்டுமே, நமீபியாவில் குடு (kudu) மானுக்கும் ஓரிக்ஸுக்கும் அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஆனால் எருமைக்கு ஜிம்பாப்வே சட்டம் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் குண்டு விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் கேட்கிறது. நண்பரின் 9.3×62 ரைஃபிள் தோளுக்கு இதமாக இருந்தாலும், வழக்கமான தோட்டாக்களில் அந்த ஆற்றல் வரம்பை எட்டுவதில்லை.

அடுத்து, 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) எடையுள்ள குண்டுடன் .416 ரிக்பியைச் சுட்டுப் பார்த்தேன். 50 மீட்டரில் முதல் மூன்று குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அதன் பிறகு விசையில் விரல் வைத்தாலே கண்கள் தாமாக மூடிக்கொள்ள, கடைசி இரண்டும் அட்டையையே தொடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது தோளில் செய்துகொண்ட அறுவை சிகிச்சையும் காரணமாக இருக்கலாம். சுடும்போது ரைஃபிள் தோளில் கொடுக்கும் உதையைக் குறைக்கக் குழல் முனையில் மசில் பிரேக் (muzzle brake) பொருத்தலாமென்றால், அதன் ஓசை அருகில் நிற்கும் தடம் பார்ப்பவர்களின் காதைக் கெடுக்கும் என்று வழிகாட்டி மறுத்துவிட்டார். அவர் சொல்வதும் நியாயமே.

1912 முதல் புழக்கத்தில் உள்ள .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) சட்ட வரம்பைத் தாண்டுகிறது; ஆனால் சுட்டுப் பார்க்க எங்கள் பகுதியில் ஒருவரிடமும் அது இல்லை.

.416-இன் உதையைத் தாங்காத ஒருவர், 300 கிரெய்ன் குண்டுடன் .375-இல் பழகிக்கொண்டு, 60 மீட்டருக்குள் நிற்கும் எருமையின் தோளில் நம்பிச் சுடலாமா?